கரும்புச் சாற்றில் மண்ணின் பெயர்: மார்ட்டினிக் தீவின் 'விவசாய ரம்'

சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிக்கு மொலாசஸ் தெரியாத பொருள் அல்ல. சாற்றைக் காய்ச்சி, சர்க்கரையைப் பிரித்தெடுத்த பின் இனி எதுவும் உறையாது என்ற நிலையில் எஞ்சும் கறுப்புப் பாகு அது. ஆலையின் பின்புறத் தொட்டிகளில் தேங்கி, டேங்கர் லாரிகளில் ஏறி, வடிப்பாலைகளுக்குப் போகிறது. உலகில் விற்கும் ரம் மதுவில் பெரும்பகுதி இந்தப் பாகிலிருந்து வருவதுதான். கரும்பு யார் வயலில் விளைந்தது, என்ன ரகம், என்ன மண் என்ற அடையாளம் எதுவும் அந்தப் பாகில் மிஞ்சுவதில்லை.

கரிபியன் கடலில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் உள்ள சில தீவுகளில் மட்டும் கதை வேறு. அங்கே சர்க்கரை எடுக்காமல், பச்சைக் கரும்புச் சாற்றையே நேராக நொதிக்கவைத்து ரம் வடிக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரும் அக்ரிகோல்'. தமிழில் சொன்னால் 'விவசாய ரம்'. மொலாசஸில் வடித்ததை 'ஆலை ரம்' என்று தனியே பிரித்துச் சொல்கிறார்கள். குடிப்பவருக்கு இது ருசி வித்தியாசம். கரும்பு போடுபவருக்கோ, தன் விளைச்சல் பெயரில்லாத சரக்காகப் போகிறதா, ஊர்ப்பெயரோடு போகிறதா என்ற வித்தியாசம்.

கன்னியாகுமரியைவிடச் சிறிய தீவு

மார்ட்டினிக் தீவின் மொத்தப் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வடக்கே 1,397 மீட்டர் உயரத்தில் பெலே எரிமலை நிற்கிறது. கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று அந்த மலையில் மோதி, வடக்குச் சரிவுகளில் கொட்டித் தீர்க்கிறது. தெற்குப் பகுதி மேட்டாங்காடு போல வறண்டு கிடக்கும். வடக்கே எரிமலைச் சாம்பல் கலந்த இளகிய மண். நடுவிலும் தெற்கிலும் களிமண். ஒரு நாளில் காரில் சுற்றிவிடக்கூடிய தீவுக்குள் இத்தனை வேறுபாடு.

கரும்பு ஏறக்குறைய 4,000 ஹெக்டேரில் நிற்கிறது. மிச்சம் பெரும்பாலும் வாழை. மழை குறையும் பிப்ரவரி முதல் ஜூன் வரை வெட்டுக் காலம். சமவெளியில் இயந்திரம் வெட்டுகிறது. சரிவான காடுகளில் ஆட்கள் வெட்டுகிறார்கள். ஒருமுறை கரணை நட்டால் பல மறுதாம்பு எடுப்பது அங்கேயும் வழக்கம்.

மேற்குக் கரையில் லே கார்பே என்ற சிற்றூர் இருக்கிறது. 1502ல் கொலம்பஸ் இந்தக் கரையில்தான் இறங்கினார். இங்கே நெய்சோன் என்ற குடும்ப வடிப்பாலை 1930களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. ரசாயனம் இல்லாமல் விளைந்த கரும்பைத் தனியே அரைத்து, தனியே வடித்து விற்கும் பழக்கமும் இவர்களுக்கு உண்டு. தெற்கே 'நீலக் கரும்பு' என்று அழைக்கப்படும் ஒரே ரகத்தை மட்டும் வடித்து, ரகத்தின் பெயரையே புட்டியில் போடுகிறது கிளெமான் நிறுவனம். அந்த ரகம் பக்கத்துத் தீவான பார்படாஸில் உருவானது. கரும்புப் பூவின் விதை முளைக்கும் என்பதை 1880களின் இறுதியில் நிலைநாட்டிய இடங்களில் பார்படாஸும் ஒன்று. அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாகத்தான் 1912ல் கோயம்புத்தூரிலும் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. தமிழ்நாட்டு விவசாயி நடும் 'கோ' ரகங்களுக்கும் மார்ட்டினிக் விவசாயி நடும் 'பி' ரகங்களுக்கும் அடிப்படை அறிவு ஒன்றே.

சாறு ரம்மாகும் வழி

வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று எந்த விவசாயிக்கும் சொல்லத் தேவையில்லை. எடை குறையும், கட்டுமானம் இறங்கும். சாற்றையே நம்பி வடிப்பவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. வெட்டுவாயில் பாக்டீரியா புகுந்து சாற்றைப் புளிக்கவைத்துவிடும். அதனால் வெட்டிய கரும்பு கூடிய விரைவில் ஆலைக்குள் நுழைய வேண்டும்.

கரும்பு பல ஜோடி உருளைகளுக்கு இடையே நசுங்குகிறது. கடைசிச் சொட்டு இனிப்பையும் வாங்குவதற்காக, நசுங்கும் சக்கை மீது தண்ணீர் தெளிக்கிறார்கள். சக்கை கொதிகலனுக்குப் போய் எரிபொருளாகிறது. அரைவை உருளை சுழல்வதும் அந்த நீராவியில்தான், வடிகலன் கொதிப்பதும் அந்த நீராவியில்தான் என்று இன்றும் ஓடும் பழைய ஆலைகள் உண்டு.

வடிகட்டிய சாறு பெரிய தொட்டிகளில் ஈஸ்ட் சேர்த்து விடப்படுகிறது. ஒன்றிரண்டு நாளில் நுரைத்துக் கொதிப்பதுபோல் பொங்கும்; அதிகம் போனால் ஐந்து நாள். வெப்பம் 38 டிகிரியைத் தாண்டிப் போனால் ஈஸ்ட் சோர்ந்துவிடும் என்பதால் தொட்டிகளைக் குளிரவைக்கிறார்கள். முடிவில் 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால் கொண்ட ஊறல் கிடைக்கிறது. அதை அவர்கள் 'கரும்பு ஒயின்' என்கிறார்கள்.

அடுத்து வடிப்பு. உயரமான ஒரு செம்புத் தூண். உள்ளே அடுக்கடுக்காகத் துளையிட்ட தட்டுகள். மேலிருந்து ஊறல் இறங்குகிறது, கீழிருந்து நீராவி ஏறுகிறது. வழியில் சந்திக்கும்போது நீராவி ஆல்கஹாலையும் வாசனைப் பொருள்களையும் வாரிக்கொண்டு மேலே போகிறது. உச்சியில் குளிர்ந்து இறங்குவது ஏறக்குறைய 70 சதவீத ஆல்கஹால். இதே முறையில் 95 சதவீதம் வரை போக முடியும். ஆனால் அந்த உயரத்துக்குப் போனால் கரும்பின் வாசனை முழுவதும் கழன்று வெறும் ஸ்பிரிட்தான் மிஞ்சும். வேண்டுமென்றே கீழே நிறுத்திக்கொள்வதுதான் இந்தத் தீவின் தொழில்நுட்பம். புதுக் கரும்பைக் கடித்தது போன்ற பச்சை வாசனை அதில் நிற்கிறது.

கணக்கு ஒன்று கவனிக்கத் தக்கது. ஒரு டன் கரும்பின் சாறு முழுவதையும் வடித்தால், 50 சதவீத ஆல்கஹால் உள்ள ரம் ஏறக்குறைய 100 லிட்டர் கிடைக்கும். அதே ஒரு டன் கரும்பில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸ் சுமார் 40 கிலோ. அதில் 20 லிட்டர் அளவுக்குத்தான் ரம் வரும். ஆனால் சர்க்கரையும் கையில் இருக்கும். சர்க்கரைக்கு நல்ல விலை இருந்தால் சாற்றை வடிப்பது நட்டம். சர்க்கரை விலை விழுந்தால் சாறு மேல். இந்தத் தீவின் வரலாறே இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

சர்க்கரை விழுந்தது, சாறு எழுந்தது

17ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில் இங்கே கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. சர்க்கரை ஐரோப்பாவுக்குப் போனது. மொலாசஸையும் காய்ச்சும்போது எடுத்த நுரையழுக்கையும் புளிக்கவைத்து வடித்த முரட்டுச் சாராயம் தோட்டத்து ஆட்களுக்குப் போனது. 1694ல் மார்ட்டினிக் வந்த லாபா என்ற பாதிரியார் ஆலைகளைச் சீர்படுத்தியவர் என்று இன்றும் பேசப்படுகிறார். ஒரு ரம்முக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். அவரும் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர்தான்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த சர்க்கரைக் கிழங்கு பரவியது. 1880களில் சர்க்கரை விலை அடிமட்டத்துக்குப் போனது. தீவின் சிறு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அதே காலத்தில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை பைலாக்செரா என்ற வேர்ப் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. ஒயினும் பிராந்தியும் இல்லாமல் தவித்த பிரான்ஸுக்கு ரம் தேவைப்பட்டது. சர்க்கரை விற்காது, ரம் விற்கும் என்ற நிலையில், சர்க்கரை எடுக்கும் செலவையே விட்டுவிட்டுச் சாற்றை நேராக வடிக்கத் தோட்டக்காரர்கள் துணிந்தார்கள். இன்று பெருமையாகப் பேசப்படும் 'விவசாய ரம்' விலை வீழ்ச்சியில் பிறந்த பிள்ளை.

அந்தக் காலத்தில் ரம் வியாபாரத்தின் தலைநகரம் சேன்-பியேர் துறைமுகம். 1902 மே 8 காலை பெலே எரிமலை வெடித்தது. நெருப்புப் புகை சில நிமிடங்களில் நகரத்தை மூடியது. ஏறக்குறைய 30,000 பேர் மாண்டனர். கனத்த சுவர் கொண்ட சிறை அறையில் அடைபட்டிருந்த ஒரு கைதி உள்ளிட்ட வெகு சிலரே பிழைத்தார்கள். துறைமுகமும் வடிப்பாலைகளும் சாம்பலாயின. தெப்பாஸ் குடும்பத்தில் பிரான்ஸில் படித்துக்கொண்டிருந்த விக்டர் என்ற மகன் மட்டும் மிஞ்சினார். திரும்பி வந்து, அதே எரிமலையின் காலடியில் 1917ல் மறுபடி வடிப்பாலை தொடங்கினார். அது இன்றும் ஓடுகிறது. ஊரை அழித்த சாம்பல்தான் இப்போது கரும்புக்கு மண்.

சட்டத்தில் எழுதிய வயல்

1996 நவம்பரில் மார்ட்டினிக் ரம்முக்குப் பிரெஞ்சு அரசு 'ஏ.ஓ.சி.' என்ற தரப்பெயரை வழங்கியது. ஷாம்பெயின் ஒயினுக்கும் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கும் உள்ள அதே வகைப் பாதுகாப்பு. ரம் ஒன்றுக்கு இந்தத் தரப்பெயர் கிடைத்தது அதுவே முதல் முறை.

விதிகளில் பல வயலைப் பற்றியவை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. எந்தெந்த ஊர்களின் நிலத்தில் விளைந்த கரும்பு சேரும் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஹெக்டேருக்கு 120 டன்னுக்கு மேல் விளைச்சல் கணக்கில் வராது. ஏக்கருக்குச் சொன்னால் சுமார் 48 டன். அதற்கு மேல் விளைந்தால் கரும்பு நீர்த்துப்போயிருக்கும் என்று கருதுகிறார்கள். சாற்றின் பிரிக்ஸ் 14க்குக் குறையக்கூடாது. கார அமில நிலை 4.7க்குக் கீழே போகக்கூடாது; போனால் கரும்பு வெட்டிக் காய்ந்து புளித்தது என்று பொருள். வெட்டும் பருவத்தில் பிரிக்ஸ் 18, 20 பார்க்கும் விவசாயிக்கு 14 பெரிதல்ல. ஆனால் மழை முந்திவிட்ட ஆண்டில், சேற்றில் சாய்ந்த கரும்புக்கு அந்த 14ம் எட்டாமல் போகலாம்.

அதன் பிறகுதான் ஆலை விதிகள். நொதிப்புக்கு நாள் வரம்பு, வடிப்புக்குத் தூண் வடிகலன், வடித்த ரம்மின் வீரியம் 65 முதல் 75 சதவீதத்துக்குள், வாசனைப் பொருள்களுக்குக் குறைந்தபட்ச அளவு. வெள்ளை ரம் சில வாரங்கள் ஓய்ந்த பிறகே புட்டிக்குப் போகலாம். 'பழைய ரம்' என்று எழுத வேண்டுமானால் 650 லிட்டருக்கு உட்பட்ட ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருந்திருக்க வேண்டும். வெப்ப நாட்டில் பீப்பாய்க்குள் இருப்பது வேகமாக ஆவியாகும். ஆண்டுக்கு 6 முதல் 8 சதவீதம் காற்றோடு போய்விடுகிறது. பத்தாண்டு வைத்தால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். பழைய ரம்மின் விலைக்கு அது ஒரு காரணம்.

பாஸ்-புவான்த்: மாரியம்மன் இருக்கும் கரும்புக் காடு

தீவின் வட கோடியில் மக்கூபா என்ற ஊர். அங்கே பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் 'ஜே.எம்.' வடிப்பாலை இருக்கிறது. 1845ல் அந்த நிலத்தை வாங்கிய ழான்-மரி மார்த்தேன் என்பவரின் முதல் எழுத்துகள் அவை. எரிமலைப் பாறையில் வடிந்துவரும் ஊற்றுநீர்தான் அவர்களுக்குத் தண்ணீர். பக்கத்து ஊர் பாஸ்-புவான்த். புகழ்பெற்ற கவிஞர் எமே செசேர் 1913ல் பிறந்த ஊர்.

இந்த வட்டாரத்தில் கரும்புக்கும் வாழைக்கும் நடுவே மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் வாயில் அவள் 'மாலியமேன்'. மதுரை வீரன் 'மால்தெவிதான்' ஆகியிருக்கிறான். ஆட்டுக்கிடா பலியும் பறையொலியும் உண்டு. வீரனுக்குப் படைக்கும் சாராயம், ஊரில் விளைந்த கரும்பு ரம். 'கொலம்போ' என்று பெயர் பெற்ற மசாலாக் குழம்பைத் தீவில் எல்லாரும் சமைக்கிறார்கள்.

1848ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானர்களின் கரும்புக் காட்டுக்குத் திரும்ப விரும்பவில்லை. ஆள் தேடிய தோட்ட முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் முதல் கூட்டத்தை சேன்-பியேரில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் மார்ட்டினிக்குக்கு ஏறக்குறைய 25,000 பேரும், குவாதலூப் தீவுக்கு 40,000க்கும் அதிகமானவர்களும் வந்தார்கள். பெரும்பகுதி தமிழர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கைரேகை வைத்தவர்களில் பலர் காய்ச்சலிலும் வேலைக் கொடுமையிலும் மாண்டார்கள். ஊர் திரும்பியவர்கள் சிறு பகுதியினரே. தங்கியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணில் பிறந்தும் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்கப்படவில்லை. குவாதலூப்பில் 1863ல் பிறந்த ஹென்றி சிதம்பரம் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரி 1904ல் வழக்கில் இறங்கினார். 1923ல்தான் அந்த உரிமை கிடைத்தது. இந்தத் தீவுகளில் ரம் பெயர் பெற்ற காலத்தின் கரும்பை வெட்டியவர்களில் இவர்களும் உண்டு. புட்டிகளில் ஒட்டிய பெயர்கள் தோட்ட முதலாளிகளுடையவை.

பக்கத்துத் தீவுகளில் வேறு வேறு வாசம்

மார்ட்டினிக்கிலேயே மொலாசஸில் வடிக்கும் ஆலை ஒன்று உண்டு. கிழக்குக் கரையில் உள்ள காலியோன், தீவில் மிஞ்சியிருக்கும் ஒரே சர்க்கரை ஆலை. அங்கே மொலாசஸுடன் முந்தைய வடிப்பின் கழிவுநீரையும் கலந்து, ஒரு வாரத்துக்கும் மேல் நொதிக்கவிட்டு, காரமான வாசனை கொண்ட ரம் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் கேக், இனிப்பு வகைகளுக்கு வாசனையூட்டப் போகிறது.

இந்த வழியின் உச்சத்தைப் பார்க்க ஜமைக்கா போக வேண்டும். ட்ரெலானி வட்டாரத்து ஹாம்ப்டன் எஸ்டேட்டில் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கட்டடத்தின் காற்றிலும் மரத்தொட்டியிலும் வாழும் நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. வடிப்புக் கழிவுநீரையும் (அவர்கள் பேச்சில் 'டண்டர்'), குழியில் அழுகவிட்ட கலவையையும் ஊறலில் சேர்க்கிறார்கள். நொதிப்பு வாரக்கணக்கில் நடக்கிறது. அமிலங்களும் ஆல்கஹாலும் கூடி எஸ்டர் என்ற வாசனைப் பொருள்கள் பெருகுகின்றன. செம்புப் பானையில் வடித்த ரம்மில், அழுகும் தறுவாயில் உள்ள அன்னாசி, வாழைப்பழ வாசம் தூக்கலாக அடிக்கும். ஆல்கஹால் 100 லிட்டருக்கு 1,600 கிராம் எஸ்டர் என்பது அங்கே உச்சவரம்பு. அந்த அளவு ரம்மை அப்படியே குடிப்பது அரிது. சில துளி கலந்தால் வேறு சரக்கு மணக்கும்.

பார்படாஸில் மண் பவளப் பாறை; தண்ணீர் அதில் வடிகட்டி இறங்குகிறது. பானையில் வடித்ததையும் தூணில் வடித்ததையும் கலந்து, நடுத்தரமான ரம் செய்வது அவர்கள் பாணி. மவுன்ட் கே என்ற வடிப்பாலையிடம் 1703ஆம் ஆண்டுப் பத்திரம் இருக்கிறது.

தென்னமெரிக்கக் கரையில் உள்ள கயானாவில் கரும்புக் காடுகள் கடல்மட்டத்துக்கும் தாழ்வானவை. வாய்க்கால் வெட்டி, கரை கட்டி, வெட்டிய கரும்பை வாய்க்காலிலேயே இரும்புப் படகுகளில் இழுத்துப் போகிறார்கள். டெமராரா ஆற்றங்கரையிலுள்ள டயமண்ட் வடிப்பாலையில், மூடப்பட்ட எஸ்டேட்டுகளிலிருந்து கொண்டுவந்த பழைய மரப் பானைகள் இன்றும் கொதிக்கின்றன. அவற்றில் ஒன்று போர்ட் மூரன்ட் தோட்டத்துடையது. கிரிக்கெட் வீரர் ரோகன் கன்ஹாய் பிறந்த, ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகள் நிறைந்த ஊர் அது.

கியூபாவில் 1862ல் ஃபாகுண்டோ பக்கார்டி தொடங்கிய பாணி நேர் எதிரானது. உயர் வீரியத்தில் வடித்து, கரியில் வடிகட்டி, லேசாக, வாசனை அடங்கியதாகச் செய்வது. உலகச் சந்தையைப் பிடித்தது இந்தப் பாணிதான். ஹைட்டி தீவிலோ, கிராமந்தோறும் சிறு வடிப்பாலைகள் பச்சைச் சாற்றைக் காற்றிலுள்ள ஈஸ்டைக் கொண்டே நொதிக்கவைத்து 'கிளெரேன்' என்ற சாராயம் வடிக்கின்றன. மற்ற தீவுகள் கைவிட்ட பழைய கரும்பு ரகங்கள் அங்கே வயலில் உயிரோடு இருக்கின்றன.

இத்தனை வேறுபாட்டுக்கும் காரணங்கள் ஆறுதான்: சாறா மொலாசஸா, எத்தனை நாள் நொதிப்பு, எந்த நுண்ணுயிர், பானையா தூணா, எந்த வீரியத்தில் நிறுத்துவது, மரத்தில் எத்தனை ஆண்டு. மண்ணும் ரகமும் முதல் காரணத்துக்குள் அடங்கும். மொலாசஸில் மறைந்துபோகும் வயல், சாற்றில் மட்டுமே தெரிகிறது.

படித்ததை வீட்டில் செய்துபார்க்க யாரும் நினைக்கக் கூடாது. உரிமம் இல்லாமல் வடிப்பது தமிழ்நாட்டில் குற்றம். 2024ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எந்தப் பாணியில் வடித்தாலும் மது மதுதான். கரும்பு விளையும் தீவுகளின் குடும்பங்களையும் அது விட்டுவைக்கவில்லை.

மரி-கலாந்த்: வண்டிமாட்டுத் தீவு

குவாதலூப்புக்குப் பக்கத்தில் மரி-கலாந்த் என்ற வட்டமான சிறு தீவு. 158 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் நூற்றுக்கும் அதிகமான காற்றாலைகள் இங்கே கரும்பு அரைத்தன. இன்று ஒரு சர்க்கரை ஆலையும் மூன்று வடிப்பாலைகளும் இருக்கின்றன. இவர்களின் வெள்ளை ரம் 59 சதவீத வீரியத்தில் பெயர் போனது.

இங்கே கரும்பு போடுபவர்கள் பெரும்பாலும் சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். அண்மைக் காலம் வரை வெட்டிய கரும்பை மாட்டு வண்டியில் ஆலைக்கு ஓட்டினார்கள். மேட்டில் பாரம் இழுக்கும் மாட்டுப் போட்டி இந்தத் தீவுகளில் இன்றும் திருவிழா. குவாதலூப்பில் 1980களில் சர்க்கரைக் கம்பெனிகளின் நிலங்களைப் பகுதி பகுதியாகச் சிறு விவசாயிகளின் கையில் சேர்க்க ஏற்பாடு நடந்தது. மார்ட்டினிக்கில் அந்த அளவுக்கு நடக்கவில்லை; பழைய தோட்டக்கார வம்சங்களின் கையில் நிலமும் வடிப்பாலைகளும் இன்றும் கணிசமாக இருக்கின்றன.

ஆகவே ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டால் விவசாயிக்கு லாபம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. பீப்பாயில் பத்தாண்டு கிடந்த புட்டியின் விலை ஏறினால், அதில் பங்கு கேட்க கரும்பு விற்றவருக்கு வழியில்லை. அவருக்குக் கிடைப்பது எடைக்கும் இனிப்புக்கும் உரிய விலைதான். ஆனால் ஒரு பிடிமானம் உண்டு. பெயர் நிலைக்க வேண்டுமானால் அந்த ஊர்க் கரும்பே வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு நாட்டு மொலாசஸை இறக்குமதி செய்து அதே பெயரில் விற்க முடியாது. அதனால் சர்க்கரை ஆலைகள் மூடிய தீவிலும் கரும்பு நிற்கிறது.

மண்ணில் தங்கிய நஞ்சு

அதே மண்ணுக்கு இன்னொரு கதையும் உண்டு. வாழைக் கிழங்குக் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் குளோர்டெக்கோன் என்ற பூச்சிக்கொல்லியைத் தூவினார்கள். அதைத் தயாரித்த அமெரிக்கத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் நடுக்கமும் நரம்புக் கோளாறும் கண்டு 1975லேயே உற்பத்தி நின்றுபோயிருந்தது. பிரான்ஸ் 1990ல் தடை செய்தது. தீவுகளுக்கு மட்டும் மேலும் மூன்றாண்டு விலக்கு கொடுத்தது.

அந்த நஞ்சு எளிதில் சிதைவதில்லை. எரிமலை மண் அதை நூற்றாண்டுக் கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைநீரில் கரைந்து ஓடைக்கும் கடலோர மீனுக்கும் போகிறது. இரு தீவுகளிலும் வயது வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இரத்தத்தில் இது இருக்கிறது. சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி போன்றவை மண்ணிலிருந்து எளிதில் உறிஞ்சுகின்றன. உயரத்தில் பழுக்கும் வாழைப்பழத்துக்கு ஏறுவதில்லை. விற்பனைக்குப் போன பழம் தப்பியது. வீட்டுக்குக் கிழங்கு போட்ட குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. பல ஆண்டு நடந்த குற்ற வழக்கு 2023ல் யார் மீதும் விசாரணை இல்லாமல் முடிக்கப்பட்டது. மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

பூச்சி ஒன்றுக்காக இருபது ஆண்டு தூவியது. மண் அதைப் பேரப்பிள்ளைகளின் காலம் வரை வைத்திருக்கும். கூன்வண்டுக்கு நல்ல கன்றுத் தேர்வும், கிழங்கைச் சீவி நடுவதும், வாழைத்தண்டை வெட்டிப் பொறியாக வைப்பதும் இருக்கின்றன என்பது தமிழ்நாட்டு வாழை விவசாயிக்குத் தெரியும். மெனக்கெட வேண்டியிருக்கும், ஆனால் மண் மிஞ்சும்.

பெயருக்கு முன்னால் அளவுகோல்

தமிழ்நாட்டில் ஈரோடு மஞ்சள், விருப்பாட்சி மலை வாழை, சிறுமலை வாழை, உடன்குடி கருப்பட்டி ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் காய்ச்சும் ஊர்களுக்கும் பெயர் உண்டு. மார்ட்டினிக் காட்டுவது, பெயரைப் பதிவு செய்வது முதல் படி மட்டுமே என்பதை. அவர்கள் பெயருக்குப் பின்னால் எந்த வயல், எத்தனை டன், என்ன பிரிக்ஸ், என்ன கார அமில நிலை என்று எண்களை வைத்தார்கள். அந்த எண்களை வாங்குபவரும் சோதிக்கலாம், விற்பவரும் சோதிக்கலாம்.

வெல்லம் காய்ச்சும் விவசாயிக்கு இதில் இன்றே செய்யக்கூடியவை உள்ளன. முற்றிய கரும்பைக் கை பிரிக்ஸ் மானியில் பார்த்து வெட்டுவது, சோகையும் கொழுந்தாடையும் நீக்குவது, வெட்டிய அன்றே அரைப்பது, சாறு புளிக்குமுன் கொப்பரையில் ஏற்றுவது. நிறத்துக்காக ஹைட்ரோஸ் போன்ற ரசாயனங்களைக் கொட்டாமல், வெண்டைச் சாறு கொண்டு அழுக்கு எடுப்பது. இவற்றை ஓர் ஊரே சேர்ந்து ஒரே அளவுகோலில் செய்தால், பெயர் வரும்போது அதைத் தாங்கும் சரக்கு கையில் இருக்கும். பெயரின் பலன் வியாபாரியோடு நின்றுவிடாமல் இருக்க, பதிவும் முத்திரையும் விவசாயிகளின் சங்கத்திடமோ உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ இருக்க வேண்டும். மார்ட்டினிக்கின் கரும்பு வெட்டியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.